தூரத்து ஆறு

முதல் வியாபாரி வின்னிபெக்கில் இருந்தான்.
'புழங்காத காசு' என்று விளம்பரம்.
வந்தது, பற்பசையால் யாரோ
தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டிய வெள்ளி டாலர்.
பளபளப்பு என்றால் அப்படியொரு பளபளப்பு,
பிணத்துக்குப் பவுடர் போட்டது போல.
திருப்பி அனுப்பினேன். பணம் வரவில்லை.
கடிதம் போட்டேன். அதற்கும் பதிலில்லை.
காசு கொடுத்துத் தேள் வாங்கியவள்
கொட்டியதை வெளியே சொல்லமாட்டாள்.

இரண்டாமவன் டொராண்டோ.
ஒரே கடிதத்தில் மூன்று முறை
'அன்பு நண்பரே' என்றான்.
இந்தச் சமவெளியில், கோதுமையில் ஈரம் வைத்திருப்பவன்தான்
லாரியை விட்டு இறங்கும்போதே நலம் விசாரிப்பான்.
இருபத்தாறு வருஷமாகத் தானியக் கிடங்கில்
எடைமேடைக் குமாஸ்தா நான்.
முள் எங்கே நிற்கும் என்று
ஆள் முகத்திலேயே தெரிந்துவிடும்.
தபாலில் வருகிறவனுக்கு முகம் ஏது?
உறைதான் இருக்கிறது.

லூனன்பர்க்கிலிருந்து வந்த உறையில்
பழைய அஞ்சல்தலைகள், ஒன்றுகூடக் கோணாமல்.
அட்டைக்குள் அட்டை, அதற்குள் காசு.
குலுக்கினால் சத்தமில்லை.
ஆல்டன் ஸ்விக்கர் என்று கையெழுத்து.
தட்டச்சில் ஒரே ஓர் எழுத்து மட்டும்
வரியை விட்டுத் துள்ளியது.
"விளிம்பில், ஏழு மணி இடத்தில், நசுங்கல் உண்டு.
பத்து நாள் வைத்துப் பாருங்கள்.
பிடிக்காவிட்டால் அனுப்பிவிடுங்கள்."
லென்ஸில் தேடினேன்.
ஏழு மணியில் நசுங்கல் இருந்தது.

ஆனாலும் விடவில்லை நான்.
அடுத்த காசோலையில் வேண்டுமென்றே
நாலு டாலர் கூட எழுதினேன்.
செங்கல் நிறத்தில் இரண்டு டாலர் தாள்கள் இரண்டு
திரும்பி வந்தன, ஒரு வார்த்தை இல்லாமல்.
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.
கொஞ்சம்தான்.

பிறகு அந்தப் பிப்ரவரி.
மைனஸ் முப்பத்தாறு. ராத்திரி முழுக்க
மின்சாரத்தில் சொருகி வைத்தும் கார் கிளம்பவில்லை.
நடந்தே போய்த் தபால் வாங்கினேன்.
நான் கேட்டது இருபத்தாறாம் வருஷத்து
நிக்கல் ஐந்து சென்ட், பக்கத்து ஆறு.
ஆண்டின் கடைசி இலக்கம்
மேப்பிள் இலையை முட்டுகிற மாதிரி நிற்கும்.
பதினோரு டாலர்.

லென்ஸை வைத்தேன்.
ஆறு, இலையை முட்டவில்லை.
மயிரிழை விலகி நின்றது.
தூரத்து ஆறு.
அட்டவணைப் புத்தகத்தில்
அந்த மயிரிழைக்கு முந்நூறு டாலர்.

எடை போட்டேன்.
போலியாக இருந்தால் தேவலை என்று தோன்றியது.
நாலரை கிராமுக்குச் சற்று மேலே, மிகச் சரியாக.

அவன் கண் மங்கிவிட்டதா?
இல்லை, என் நாலு டாலருக்கு
இது அவன் நாலு டாலரா?
மூன்று ராத்திரி ரொட்டிப் பெட்டிமேல் கிடந்தது காசு.
"விட்டவன் பாடு அது," என்றான் மைத்துனன் தாராஸ்,
என் சூப்பைக் குடித்துக்கொண்டே.
வின்னிபெக்காரன் தவறவிட்டதாக இருந்தால்
ஒரு ராத்திரிகூட யோசித்திருக்கமாட்டேன்.
வைத்துக்கொண்டிருப்பேன்.

நாலாம் நாள் பதிவுத் தபாலில் அனுப்பினேன்:
"உங்கள் ஆறு தடம் மாறி
இங்கே வந்துவிட்டது."

மார்ச்சில் பதில்.
கேட்ட காசு, பதிவுச் செலவுக்கு அஞ்சல்தலைகள்,
பிறகு அந்தத் துள்ளும் எழுத்து.

"அன்புள்ள மிஸஸ் ஹ்னாடியுக்,
இரண்டு உறைகளை மாற்றி ஒட்டிவிட்டேன்.
உங்கள் காசு ரெஜைனாவில் ஒரு பல் மருத்துவருக்குப் போனது.
முந்நூறு கொடுத்தவர்.
போலீசுக்குப் போவதாக எழுதினார்.
முப்பத்தோரு வருஷ வியாபாரத்தில்
பத்தொன்பதாம் தேதி நான் திருடனானேன்.
இருபத்தேழாம் தேதி உங்கள் உறை வந்தது."

சுவர்க் காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன்.
எட்டு நாள்.
அதில் மூன்று என்னுடையவை.

அவருக்கு அதை எழுதவில்லை.